ஏற்காட்டுக் காபி: இத்தாலிக்கு அனுப்புவதா, இங்கேயே விற்பதா?

நாகலூர் பக்கம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னிடம் கேட்டார்: "தம்பி, ஐரோப்பாவோட ஒப்பந்தம் முடிஞ்சிருச்சுங்கிறாங்க. நம்ம நாட்டுக் காபிய இத்தாலிக்காரங்கதான் அதிகமா வாங்கறாங்களாம். அப்புறம் ஏன் நாம இன்னும் வியாபாரி வாயையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கணும்?" அவருக்கு ஐந்து ஏக்கர். அதே கேள்வியைச் சேலத்தில் வேலை பார்த்துக்கொண்டு அப்பாவின் தோட்டத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்து பார்க்கும் ஒரு தங்கையும் கேட்டிருந்தார். வெள்ளக்கடை பக்கத்து இளைஞர் ஒருவர் ஒரு படி மேலே போய், ஏற்றுமதி உரிமம் எடுக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தார்.

மூவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். சேலத்தில் ஒரு துணி ஏற்றுமதி நிறுவனத்தில் பதினொரு வருடம் கப்பல் ஆவணங்கள் பார்த்தவன் நான். இப்போது மஞ்சக்குட்டைப் பக்கம் ஆறு ஏக்கர் அரபிகா காபி. இரண்டு பக்கமும் பட்டறிவு உண்டு என்பதால் இதை எழுதத் துணிகிறேன்.

நம் முன்னால் இருப்பவை மூன்று வழிகள். உள்ளூர் வியாபாரியிடம் கொடுப்பது. பலர் கூட்டாகச் சேர்ந்து இத்தாலிக்கு அனுப்புவது. உள்நாட்டிலேயே வறுப்பாளர்களுக்கோ நேரடியாகக் குடிப்பவர்களுக்கோ விற்பது.

முதலில் அளவுகோல்

விலையை ஒப்பிடும்போது நாம் செய்யும் பெரிய தவறு, பழத்தின் விலையையும் பார்ச்மெண்ட் (சதை நீக்கிக் காயவைத்த, உள்தோலோடு இருக்கும் கொட்டை) விலையையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. எல்லாவற்றையும் தோல் நீக்கிய சுத்தக் கொட்டைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ சுத்தக் கொட்டை. 50 கிலோ பார்ச்மெண்ட் மூட்டைக்கு 40 கிலோ. உதாரணத்துக்கு, ஒருவர் பழத்தைக் கிலோ 80 ரூபாய்க்குக் கேட்கிறார், இன்னொருவர் பார்ச்மெண்ட் மூட்டைக்கு 20,000 ரூபாய் தருகிறார் என்று வையுங்கள். முதலாவது சுத்தக் கொட்டைக் கணக்கில் கிலோ 480 ரூபாய். இரண்டாவது 500. பல்பர் (பழச்சதை நீக்கும் இயந்திரம்) ஓட்டி, புளிக்க வைத்து, கழுவி, பத்துப் பன்னிரண்டு நாள் காயவைத்ததற்கு உங்களுக்குக் கிடைப்பது கிலோவுக்கு 20 ரூபாய். அந்தக் கூலிக்கு அது கட்டுமா என்று பார்த்த பிறகுதான் அடுத்த பேச்சு.

இரண்டாவது அளவுகோல், பணம் எப்போது கைக்கு வரும் என்பது. மூன்றாவது, காகிதம்: பட்டா, சிட்டா, தோட்டத்தின் இருப்பிடப் புள்ளி (ஜி.பி.எஸ். அளவு), மருந்தடித்த கணக்கு. நான்காவது, இடையில் ஏதாவது கெட்டுப்போனால் நட்டம் யார் தலையில் விழும் என்பது. என் பார்வையில் இந்த நான்கில் விலைதான் கடைசி. மற்ற மூன்றையும் தாங்க முடிந்தவருக்குத்தான் நல்ல விலை நின்று கைக்கு வரும்.

இந்திய, இத்தாலிய உறவு நம் விலையை எவ்வளவு தொடுகிறது?

ஒப்பந்தச் செய்தி வந்ததும் எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்த இரு நாட்டு உறவு நேர்கோட்டில் போனதில்லை. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலுக்கு அப்பால் என்ரிகா லெக்சி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த கடற்படை வீரர்கள் சுட்டதில் நம் மீனவர்கள் இருவர் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், இன்னொருவர் நம் குமரி மாவட்டத்துக்காரர். அந்த வழக்கு இரு நாட்டையும் ஒன்பது வருடத்துக்கு மேல் பிரித்தே வைத்திருந்தது. 2013-ல் இத்தாலியத் தூதர் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லும் அளவுக்குப் போனது. 2014 தொடக்கத்தில், இத்தாலியக் குழுமம் ஒன்றைச் சேர்ந்த அகஸ்டா வெஸ்ட்லேண்டுடனான ஹெலிகாப்டர் ஒப்பந்தத்தை இந்தியா ரத்து செய்தது. 2015-ல் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டுக் குழுவில் இந்தியா சேர முயன்றபோது இத்தாலி முட்டுக்கட்டை போட்டது. அடுத்த ஆண்டுதான் இந்தியா உள்ளே போக முடிந்தது. பன்னாட்டுத் தீர்ப்பாயத்தின் முடிவு 2020-ல் வெளிவந்து, 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டப்பட்ட பிறகு 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது.

அதற்குப் பிறகு காற்று மாறியது. 2023 மார்ச்சில் இத்தாலியப் பிரதமர் ஜார்ஜியா மெலோனி டெல்லி வந்தபோது உறவு 'வியூகக் கூட்டாண்மை' என்று உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி ஜி-20 மாநாட்டில் இந்தியா, மத்தியக் கிழக்கு, ஐரோப்பா பொருளாதார வழித்தடத்தை அறிவித்தார்கள். 2024 நவம்பரில் 2025 முதல் 2029 வரைக்குமான கூட்டுச் செயல்திட்டம் ஒன்று வந்தது.

இப்போது நம் விஷயம். உறவு மிக மோசமாக இருந்த அந்த ஆண்டுகளிலும் இந்தியக் காபியை அதிகம் வாங்கிய நாடு இத்தாலிதான். தூதர்கள் முகம் கொடுத்துப் பேசாத நாட்களிலும் மூட்டைகள் போய்க்கொண்டுதான் இருந்தன. எஸ்பிரசோவுக்கு மேலே நிற்கும் நுரைக்கும், கலவையின் கனத்துக்கும் அவர்களுக்கு நம் கொட்டை தேவைப்பட்டது. ஆகவே இரு அரசுகளும் கைகுலுக்கினால் நம் விலை ஏறும் என்று எண்ண வேண்டாம். முகம் சுளித்தபோது அவர்கள் வாங்குவது நிற்கவில்லையே.

ஐரோப்பிய ஒன்றியத்துடனான தடையற்ற வணிக ஒப்பந்தம் வேறு கதை. 2007-ல் தொடங்கி, 2013-ல் நின்று, 2022-ல் மறுபடி தொடங்கி, 2026 ஜனவரி 27 அன்று பேச்சு முடிந்ததாக அறிவித்தார்கள். இத்தாலி ஒன்றியத்தின் உறுப்பு நாடு. தனியாக வரி வைக்கவோ நீக்கவோ அதற்கு அதிகாரம் இல்லை. எனவே இத்தாலியுடனான வணிகம் என்பது சுங்க விஷயத்தில் ஒன்றியத்தின் தலைமையகமான பிரசெல்ஸுடனான வணிகம்தான். பச்சைக் கொட்டைக்கு, அதாவது வறுக்காத கொட்டைக்கு, ஐரோப்பா ஏற்கெனவே சுங்க வரி வாங்குவதில்லை. இல்லாத வரியைக் குறைக்க முடியாது. வறுத்த காபிக்கும் உடனடிக் காபிக்கும்தான் வரி இருக்கிறது. அது குறைந்தால் பெரிய வறுப்பு ஆலைகளுக்கும், உடனடிக் காபி செய்பவர்களுக்கும் உதவும். நாம் மலையில் வறுத்து இத்தாலிக்கு அனுப்பலாமே என்று அந்த வெள்ளக்கடைத் தம்பி கேட்டார். டூரினில் லவாசா 1895 முதல் வறுக்கிறது, டிரியெஸ்டியில் இல்லி 1933 முதல் வறுக்கிறது. அங்கே போய் வறுத்த காபி விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. பச்சைக் கொட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம் விலையை உண்மையில் தொடுவது மூன்று விஷயங்கள். ஒன்று நியூயார்க் காபிச் சந்தை: பிரேசில் வறட்சியால் 2025 பிப்ரவரியில் அரபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது, அந்தப் பலன் ஏற்காட்டுக் களம் வரை வந்தது. இரண்டாவது கடல்: 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும், சூயஸ் வழி போன கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. இத்தாலிக்கு இது வட ஐரோப்பிய நாடுகளைவிடக் கூடுதல் தொல்லை. சுற்றிப்போய் ஜிப்ரால்டர் வழியாக மத்தியத் தரைக்கடலுக்குள் நுழைந்து, அப்புறம் ஏட்ரியாட்டிக் கடலின் கடைக்கோடியில் இருக்கும் டிரியெஸ்டிக்குப் போக வேண்டும். மூன்றாவதுதான் நமக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது: காடழிப்புத் தடுப்புச் சட்டம்.

அந்தச் சட்டம் நம் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு ஏன் முக்கியம்

2023-ல் இயற்றப்பட்ட ஐரோப்பியச் சட்டம் இது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காபி அங்கே நுழையக் கூடாது. அந்த நிலம் நம் நாட்டுச் சட்டப்படி ஒழுங்கானது என்றும் காட்ட வேண்டும். அமலாக்கத்தை இரண்டு முறை தள்ளிவைத்தார்கள். இப்போதைய தேதி பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30. சிறியவர்களுக்கு 2027 ஜூன் 30. இந்தச் சிறியவர் என்பது ஐரோப்பாவில் சரக்கை இறக்கும் நிறுவனத்தைப் பொறுத்தது, நம்மை அல்ல. நம் காபி பெரிய நிறுவனத்துக்குப் போனால் முதல் தேதிதான் நமக்கும்.

4 ஹெக்டேருக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய பத்து ஏக்கருக்குள் இருந்தால் தோட்டத்தின் ஒரு புள்ளியைக் கொடுத்தால் போதும். அதற்கு மேல் என்றால் எல்லைக்கோடு முழுக்க வேண்டும். 2025 மே மாதம் இந்தியாவைக் குறைந்த ஆபத்துள்ள நாடுகள் பட்டியலில் வைத்தார்கள். சோதனை கொஞ்சம் எளிது. ஆனால் புள்ளி கொடுப்பதிலிருந்து விலக்கு இல்லை.

நம் மலையில் இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. நம் காபி சில்வர் ஓக், பலா, அதில் ஏறிய மிளகுக் கொடி எல்லாவற்றுக்கும் அடியில் நிழலில் வளர்கிறது. வானத்திலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கு அது காடு மாதிரித்தான் தெரியும். நீங்கள் 2022-ல் வீட்டுச் செலவுக்கு நாற்பது சில்வர் ஓக்கை வெட்டி விற்றிருந்தால், படத்தில் காட்டை வெட்டியது போலத் தோன்றலாம். சட்டம் மரநிழல் வேளாண்மையைக் காடு என்று சொல்வதில்லை. ஆனாலும் அதை விளக்கவேண்டிய நிலை நமக்கு வரும். மரம் வெட்ட வாங்கிய அனுமதிக் கடிதம், பழைய பட்டா, தோட்டத்தின் பழைய புகைப்படம் எது இருந்தாலும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

இரண்டாவது பட்டா. இங்கே பலருடைய நிலம் இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. கூட்டுப் பட்டா, நிபந்தனைப் பட்டா, பாகம் பிரிக்காமல் வாய்மொழியாக உழுவது என்று பல விதம். இந்த மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடிக் குடும்பங்களில் இது இன்னும் அதிகம். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் உழைத்தவர்களின் காபி, ஒரு காகிதம் இல்லாததால் மலிவான சரக்காகிவிடக் கூடாது என்பதுதான் என் பெரிய கவலை. காபி வாரியம் செயலி வழியாகத் தோட்டங்களைப் பதிவு செய்யச் சொல்லி வருகிறது. எந்த வழியில் விற்றாலும் சரி, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வியாபாரியிடம் கொடுத்தாலும் அவர் சரக்கு கடைசியில் ஐரோப்பாவுக்குத்தான் போகும் என்றால் உங்கள் புள்ளியை அவரும் கேட்பார்.

வழி 1: உள்ளூர் வியாபாரி

இதைக் குறைத்துப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நான் பேச மாட்டேன். பழம் பறித்த அன்றே எடை போட்டு, அன்றே அல்லது அந்த வாரமே பணம். டிசம்பர் பறிப்பில் வாரக்கூலி கொடுக்க வேண்டியவருக்கு இது மூச்சுக்காற்று. காகிதமும் பெரிதாக இல்லை. பழத்தைக் கொடுத்த பிறகு மழை பெய்தால் நனைவது உங்கள் காபி அல்ல. வருமான வரியிலும் ஒரு நிம்மதி உண்டு: பதப்படுத்தாமல் விற்றால் அது முழுக்க வேளாண் வருமானம்.

மறைந்திருக்கும் செலவு முன்பணத்தில் இருக்கிறது. ஆடியில் உரத்துக்கோ, பிள்ளை படிப்புக்கோ வாங்கிய பணம் மார்கழியில் உங்கள் விலையைக் கட்டிப்போட்டுவிடும். வட்டி என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பழ விலையில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைந்திருக்கும். ஐந்து ஏக்கரில் ஆறு டன் பழம் என்றால் அது 30,000 ரூபாய். ஈரப்பதக் கழிவும் அப்படித்தான். காய்ந்த செர்ரியை (சதை நீக்காமல் முழுதாகக் காயவைத்த பழம்) கொண்டுபோனால் "ஈரம் ஜாஸ்தி" என்று மூட்டைக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ கழிப்பார்கள். பத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு ஈரப்பதமானி வாங்கி வைத்தால் இந்தப் பேச்சே நின்றுவிடும். ஈரம் எவ்வளவு இருக்கிறதென்று நீங்களே அளந்து காட்டலாம்.

வழி 2: கூட்டாக இத்தாலிக்கு

20 அடிக் கண்டெய்னரில் 60 கிலோ மூட்டை 320 போகும், 19 டன்னுக்குக் கொஞ்சம் மேல். ஏக்கருக்கு 200 கிலோ சுத்தக் கொட்டை என்று வைத்துக்கொண்டால் ஐந்து ஏக்கர்காரருக்கு ஒரு டன். அப்படி 19 பேர், ஒரே தரத்தில், ஒரே மாதத்தில் சேர வேண்டும். அதுதான் இந்த வழியின் உண்மையான வாசல். ஏற்றுமதியாளர் குறியீட்டு எண், காபி வாரியப் பதிவு, பன்னாட்டுக் காபி அமைப்பின் பிறப்பிடச் சான்று, தாவர நலச் சான்று எல்லாம் அலைச்சல்தானே தவிர மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. அந்தத் தம்பி உரிமக் கட்டணத்தைப் பற்றித்தான் கேட்டார். முதலில் கேட்க வேண்டியது, உங்களோடு சேரும் மற்ற பதினெட்டுப் பேர் பழத்தை எப்படிப் பறிக்கிறார்கள் என்பது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். 2023-24 பருவத்தில் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து இரண்டு டன் போல் பார்ச்மெண்டை ஓர் ஏற்றுமதியாளர் வழியாக இத்தாலிய வறுப்பாளர் ஒருவருக்குக் கொடுத்தோம். மாதிரி பிடித்துப்போயிற்று. நல்ல விலை பேசினோம். ஆனால் எங்களில் ஒருவர் ஜனவரித் தூறலில் பார்ச்மெண்டை மண்தரையில் பரப்பிவிட்டார். தார்ப்பாய் வாங்கக் கையில் பணமில்லை, எங்களிடம் கேட்கக் கூச்சம். அந்த இரண்டு மூட்டை மொத்தச் சரக்கோடும் கலந்துபோனது. அங்கே போய்க் கோப்பையில் சுவைத்தபோது பூஞ்சை வாடை. விலையைக் குறைத்தார்கள். அதோடு அந்த ஆண்டு கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றியது. பிப்ரவரியில் கொடுத்த சரக்குக்குக் கடைசித் தவணை ஆகஸ்டில் வந்தது. அந்த நண்பர்மேல் எனக்கு வருத்தமில்லை. கேட்காமலேயே அவருக்கு ஒரு தார்ப்பாய் கொடுத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

பூஞ்சை வெறும் வாடைப் பிரச்சினை இல்லை. ஓக்ராடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சுக்கு வறுத்த காபியில் கிலோவுக்கு 3 மைக்ரோகிராம்தான் ஐரோப்பா அனுமதிக்கும் உச்சம். முன்பு 5 இருந்ததைக் குறைத்துவிட்டார்கள். பூச்சிமருந்திலும் அதே கண்டிப்பு. காபித் தண்டைக் குடையும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பூச்சிக்கு நாம் வழக்கமாக அடிக்கும் குளோர்பைரிபாஸ் மருந்தை 2020-ல் அங்கே தடை செய்துவிட்டார்கள். பத்தொன்பது பேரில் ஒருவர் அடித்தாலும் ஆய்வகத்தில் மொத்தக் கண்டெய்னரும் மாட்டிக்கொள்ளலாம்.

இப்போது காத்திருப்பின் விலை. கணக்குக்காகச் சுத்தக் கொட்டை கிலோ 500 ரூபாய் என்று வைத்தால் 19 டன்னின் மதிப்பு 95 லட்சம். ஆண்டுக்கு 12% வட்டியில் மாதம் 95,000. இரண்டு மாதம் கூடுதலாகக் காத்திருந்தால் 1,90,000, கிலோவுக்கு 10 ரூபாய். வியாபாரியைவிடக் கிலோவுக்கு 40 ரூபாய் அதிகம் என்று கேட்டு மகிழ்வதற்கு முன் இந்தப் பத்தையும், பதப்படுத்தும் ஆலைக் கூலியையும், கோயம்புத்தூர்ப் பக்கமோ கர்நாடகத்துக்கோ லாரியில் கொண்டுபோகும் வாடகையையும், ஆய்வகக் கட்டணத்தையும் கழியுங்கள். பதப்படுத்தி விற்றால் வருமானத்தில் 25% பங்கு தொழில் வருமானமாகக் கணக்கிடப்படும். பழைய வருமான வரி விதிகளில் 7பி என்று தணிக்கையாளர்கள் சொல்வது இதைத்தான்.

ஒரு குறை நம் கையில் இல்லாதது. குடகு, சிக்மகளூர், பாபாபுதன்கிரி, வயநாடு, அரக்கு காபிகளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்தே காபி வளரும் நம் மலைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. இத்தாலிய வாங்குபவரிடம் 'சேர்வராயன்' என்று சொன்னால், முதலில் அது எங்கே இருக்கிறது என்று விளக்க வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு இந்த வழியை நான் ஏன் கைவிடவில்லை என்றால், சரியாக நடந்த வருடத்தில் இது கொடுக்கும் பலன் பணத்தில் மட்டும் இல்லை. இத்தாலிக்காரர் அனுப்பிய சுவைக் குறிப்பைப் படித்துத்தான் எங்கள் பழம் பறிக்கும் பெண்கள் சிவந்த பழத்தை மட்டும் பறிக்க ஒப்புக்கொண்டார்கள். நாங்களும் அதற்கேற்பக் கூலியை ஏற்றினோம்.

வழி 3: உள்நாட்டில் விற்பது

இதிலும் இரண்டு கிளை. பெங்களூரு, சென்னை, கோவையில் இருக்கும் சிறு வறுப்பாளர்கள் ஒரு மூட்டை, ஐந்து மூட்டை என்று வாங்குவார்கள். சிவந்த பழம் மட்டும், உயர்த்திய கட்டிலில் காயவைத்தது, எந்தத் தோட்டம் என்ற விவரம், இவை இருந்தால் நல்ல விலை தருகிறார்கள். ஒரு டன் வைத்திருப்பவருக்கு இத்தாலியைவிட இது பொருத்தம் என்பது என் துணிந்த முடிவு. கண்டெய்னர் தேவையில்லை; நேரில் வந்து பார்ப்பார்கள்; பிரச்சினை என்றால் தொலைபேசியில் தமிழிலேயே பேசித் தீர்க்கலாம்.

இன்னொரு கிளை நீங்களே வறுத்து, பொடித்து விற்பது. ஏற்காட்டுக்குச் சனி, ஞாயிறு வரும் கூட்டமும் கோடை விழாக் கூட்டமும் கண்ணுக்குத் தெரியும் சந்தை. சேலத்து வீடுகளில் பீபெரிக் கொட்டைக்குத் தனி மதிப்பு உண்டு. உங்கள் காபியைத் தரம் பிரித்தால் அந்த உருண்டைக் கொட்டையைத் தனியாக நல்ல விலைக்குக் கொடுக்கலாம். ஆனால் வறுத்த காபி இருக்க இருக்க மணம் இழக்கும். கடைக்காரர் கடனுக்கு எடுத்து, விற்காததைத் திருப்பித் தருவார். உணவுப் பாதுகாப்பு உரிமம், உறை, ஒட்டுச்சீட்டு என்று செலவு வரும். வறுத்துப் பொடித்து விற்றால் தொழில் வருமானப் பங்கு 25%-லிருந்து 40% ஆகிவிடும். முக்கியமாக, வீட்டில் ஒருவர் முழுநேரமும் இதைப் பார்க்க வேண்டும். ஞாயிறு மட்டும் வரும் தங்கைக்கு இது ஒத்துவராது.

ஒரே பார்வையில்

| | உள்ளூர் வியாபாரி | கூட்டாக இத்தாலிக்கு | உள்நாட்டு வறுப்பாளர் / சொந்த விற்பனை |
|---|---|---|---|
| பணம் வரும் காலம் | அன்றே, அல்லது அந்த வாரம் | சில மாதங்கள். கப்பல் சுற்றினால் இன்னும் தாமதம் | வறுப்பாளர் சில வாரம். கடைகளில் இழுபறி |
| குறைந்தபட்ச அளவு | ஒரு கூடை பழமும் போதும் | முழுக் கண்டெய்னர் சுமார் 19 டன் | ஒரு மூட்டை |
| காகிதம் | இப்போது குறைவு. இருப்பிடப் புள்ளி விரைவில் | எல்லாமே | தோட்ட விவரம். வறுத்தால் உணவு உரிமம் |
| நட்டம் யாருக்கு | பெரும்பாலும் வியாபாரிக்கு | குழு முழுவதற்கும் | உங்களுக்கு, ஆனால் அளவு சிறியது |
| மறைந்த செலவு | முன்பணம், ஈரக் கழிவு | வட்டி, ஆய்வகம், ஒருவர் தவறுக்கு எல்லோரும் | கெட்டுப்போவது, கடன், உங்கள் நேரம் |
| வரி | முழுக்க வேளாண் வருமானம் (பழமாக விற்றால்) | 25% தொழில் வருமானம் | பதப்படுத்தினால் 25%, வறுத்தால் 40% |

யாருக்கு எது

இரண்டு மூன்று ஏக்கர், கையிருப்பு இல்லை, கூலி வாரம் வாரம் கொடுக்க வேண்டும் என்றால் வியாபாரிதான். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. முன்பணத்தைக் கூட்டுறவுக் கடனாகவோ குழுக் கடனாகவோ மாற்ற முடிந்தால், அதுவே உங்களுக்கு இத்தாலியை விடப் பெரிய லாபம்.

ஐந்து முதல் பத்து ஏக்கர், சொந்த பல்பர், காயவைக்கச் சிமெண்டுக் களம், ஆறு மாதம் தாங்கும் கையிருப்பு இருந்தால், விளைச்சலில் நல்ல பாதியை உள்நாட்டு வறுப்பாளருக்குப் பார்ச்மெண்டாகக் கொடுத்து, மீதியை வியாபாரியிடம் செர்ரியாகக் கொடுங்கள். பெயர் கிடைத்தபின் இத்தாலியைப் பற்றிப் பேசலாம். வாங்குபவர் தேடி வந்து கேட்கும் இடத்தில் நிற்பது, நாம் தேடிப் போவதைவிட மேல்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, இருபது பேரின் பட்டாவும் இருப்பிடப் புள்ளியும் தயார், ஒரே இடத்தில் பதப்படுத்துகிறார்கள் என்றால் இத்தாலி நல்ல வழிதான். காடழிப்புச் சட்டம் முழுமையாக வரும்போது காகிதம் தயாராக வைத்திருக்கும் குழுக்கள் குறைவாகத்தான் இருக்கும். அப்போது நம் சரக்குக்குத் தனி மதிப்பு வரும் என்று நம்புகிறேன். தொடங்கும்போது ஏற்றுமதியாளர் ஒருவர் வழியாகவே போங்கள். சொந்த உரிமத்தில் அனுப்புவதை மூன்றாவது பருவத்துக்கு மேல் யோசிக்கலாம்.

பந்தியில் கேட்ட அண்ணனுக்கு என் பதில் இதுதான். உங்கள் ஐந்து ஏக்கருக்கு இந்தப் பருவம் வியாபாரியும் ஒரு பெங்களூரு வறுப்பாளரும் போதும். பட்டா இன்னும் உங்கள் அப்பா பெயரில்தான் இருக்கிறது என்று சொன்னீர்கள். பூ பூத்துக் காய் பிடிக்கும் இந்த மாதங்களில் வாரிசுச் சான்றிதழோடு கிராம நிர்வாக அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வந்துவிடுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.